பிரேக்கைத் தொட்டால் நிற்கும் கடகட சத்தம்

கேள்வி: தர்மபுரியில் இருந்து பென்னாகரம் தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளிக்குத் தினமும் நானே கார் ஓட்டிப் போய் வருகிறேன். 2016 மாடல் சின்ன கார், பெட்ரோல், 80 ஆயிரம் கி.மீ. தாண்டிவிட்டது. சில மாதங்களாக முன்பக்கம் இடது புறத்தில் கடகடவென்று ஒரு சத்தம். மெயின் ரோட்டில் இல்லை, ஊருக்குள் திரும்பி ஜல்லி பெயர்ந்த ரோட்டில் போகும்போதுதான் வருகிறது. முதலில் ஒரு பட்டறையில் லிங்க் ராடு மாற்றினார்கள், அடுத்து இன்னொரு இடத்தில் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார்கள். நல்ல செலவு, சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது. மெக்கானிக் ஓட்டிப் பார்க்கும்போது வருவதே இல்லை, உங்களுக்குத்தான் அப்படித் தோன்றுகிறது என்கிறார்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வண்டிக்கு அடியில் தகரம் அதிர்வது போல வேறொரு சத்தமும் கொஞ்ச நேரம் வந்து போகிறது. வீட்டுக்காரர் வண்டியை விற்றுவிடலாம் என்கிறார். பிரேக்கில் லேசாகக் கால் வைத்தால் கடகட நிற்கிற மாதிரி தெரிகிறது, ஆனால் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: வணக்கம் டீச்சர். உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான வரியைக் கடைசியில் வைத்து, அதையும் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். பிரேக்கைத் தொட்டால் சத்தம் நிற்கிறது என்ற அந்த ஒரு விஷயத்தை முதல் பட்டறையிலேயே யாராவது காது கொடுத்துக் கேட்டிருந்தால் ஷாக் அப்சார்பர் வரைக்கும் போயிருக்கவே வேண்டாம். உங்களுக்குத் தோன்றுகிற சத்தம் இல்லை இது. இருக்கிற சத்தம்தான். மெக்கானிக் ஓட்டும்போது ஏன் வரவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது: பட்டறையில் இருந்து வண்டியை எடுத்துக்கொண்டு நாலு ரோடு பக்கம் ஒரு சுற்று சுற்றி வருவார்கள், அங்கே தார் நன்றாக இருக்கும், கூட்டத்தில் நொடிக்கு ஒரு தரம் பிரேக்கில் கால் போய்க்கொண்டே இருக்கும். உங்கள் சத்தம் வர வேண்டுமென்றால் ரோடு கெட்டிருக்க வேண்டும், பிரேக்கில் கால் இருக்கக் கூடாது. டவுனுக்குள் இந்த இரண்டும் சேர்ந்து அமையாது.

எங்கே இருந்து சத்தம் வருகிறது என்று தேடுவதை விட, எப்போது நிற்கிறது என்று பார்ப்பதுதான் இந்த வேலையில் சீக்கிரம் பலன் தரும். காரின் உடம்பு முழுக்க ஒன்றோடொன்று ஒட்டிய இரும்புத் தகடு என்பதால் வலது பக்கம் எழுகிற சத்தம் இடது பக்கம் கேட்கும், பின்னால் ஆடுகிற ஒன்று முன் சீட்டுக்கு அடியில் இருந்து வருகிற மாதிரி இருக்கும், ஓட்டுகிறவருக்கு ஒரு இடத்திலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வேறு இடத்திலும் கேட்கும். இடத்தை நம்பிப் பாகத்தைக் கழற்றினால் பணம்தான் போகும். எதைச் செய்தால் நிற்கிறது, எதைச் செய்தால் கூடுகிறது என்று பிடித்துவிட்டால் சந்தேகப்பட வேண்டிய பாகங்கள் ஒன்றிரண்டாகச் சுருங்கிவிடும்.

சரி, முதலில் அந்தப் பிரேக் விஷயத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். பள்ளிக்குத் திரும்பும் அந்த ஊர் ரோட்டில், முன்னாலும் பின்னாலும் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஏசியையும் பாட்டையும் நிறுத்திவிட்டு 20 கி.மீ. வேகத்தில் போங்கள். சத்தம் வந்ததும் பிரேக் பெடலில் கால் பட்டும் படாமல், வேகம் பெரிதாகக் குறையாத அளவுக்கு இரண்டு மூன்று நொடி வையுங்கள். எடுங்கள். மறுபடி வையுங்கள். வைத்தால் நின்று, எடுத்தால் வந்தால் வேறு சாட்சியே வேண்டாம். இடது பக்கம் நீளமான காம்பவுண்டு சுவர் இருக்கிற இடமாக இருந்தால் இன்னும் நல்லது, சக்கரத்தில் எழும் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பித் தெளிவாகக் கேட்கும். பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வைத்துக்கொள்ளுங்கள், கேட்கிற வேலையை அவர் பார்க்கட்டும், நீங்கள் ரோட்டைப் பாருங்கள்.

பிரேக்கைத் தொட்டால் ஏன் நிற்கிறது? முன் சக்கரத்துக்குள் ஒரு டிஸ்க் இருக்கிறது, அதை இரண்டு பக்கமும் இடுக்கி மாதிரி பிடிக்கிறது காலிப்பர். இடுக்கியின் இரண்டு தாடையிலும் ஆளுக்கு ஒரு பேடு, டிஸ்க்கில் உரசி வண்டியை நிறுத்துகிற கட்டை அதுதான். பிரேக் போடாத நேரத்தில் இந்தப் பேடுகள் எதையும் இறுக்கிப் பிடிக்காமல், அவற்றுக்கென்று இருக்கிற பிராக்கெட்டில் உட்கார்ந்திருக்கும். அவை அங்கே ஆடாமல் இருக்க மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகட்டில் கிளிப்புகள் உண்டு. அந்தக் கிளிப் தளர்ந்துவிட்டாலோ, துரு ஏறி உடைந்துவிட்டாலோ, பேடு மாற்றினவர் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு போடாமல் விட்டாலோ, ஒவ்வொரு சின்னப் பள்ளத்துக்கும் பேடு பிராக்கெட்டில் மோதிக் கடகடவென்று அடிக்கும். பெடலை மிதித்ததும் பேடு டிஸ்க்கோடு சேர்ந்து இறுகிவிடும், சத்தம் அந்த நொடியே நிற்கும். நீங்கள் சொன்னதும் இதைத்தான்.

காலிப்பரே இடமும் வலமுமாக நகர்வதற்கு இரண்டு பின்கள் இருக்கும், ரப்பர் உறைக்குள் கிரீஸோடு. நம்ம பக்கத்துச் செம்மண் புழுதி பொல்லாதது. அந்த உறையில் ஊசிமுனை அளவு கிழிசல் இருந்தாலும் உள்ளே போய் கிரீஸைக் காய வைத்துவிடும். கிரீஸ் காய்ந்து அந்தப் பின்கள் தேய்ந்தால் காலிப்பர் ஆடும், சத்தம் வரும். தேயாமல் இறுகிப் பிடித்துக்கொண்டால் சத்தம் வராது, ஆனால் அது இன்னும் மோசம், ஒரு பக்கப் பேடு மட்டும் தேய்ந்து, டிஸ்க் சூடேறி, பிரேக் ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பிக்கும். அதனால்தான் சொல்கிறேன், இதை வெறும் எரிச்சல் தருகிற சத்தம் என்று விட்டுவைக்காதீர்கள். சேலம் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், தொப்பூர் கணவாய் இறக்கம் நடுவில் இருக்கிறது. அந்த இறக்கத்தில் பிரேக் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும்.

சமீபத்தில் பேடு மாற்றினீர்களா என்று கடிதத்தில் இல்லை. பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். பேடு மாற்றின தேதிக்குப் பிறகுதான் சத்தம் ஆரம்பித்தது என்றால் நான் சொல்கிற கிளிப் விஷயம் இன்னும் பலமாகிறது. விலை குறைவான பேடுகளில் சில அளவு கொஞ்சம் சின்னதாக வரும், பிராக்கெட்டில் உட்கார்ந்தாலும் லூசாக இருக்கும், முதுகில் ஒட்ட வேண்டிய மெல்லிய தகடும் இருக்காது.

பட்டறைக்குப் போனதும் "சத்தம் வருது, பாருங்க" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் அவர்களுக்குத் தெரிந்த வழக்கமான பாகத்தில் இருந்துதான் தொடங்குவார்கள். "இடது முன் சக்கரம் கழற்றி, காலிப்பர் போல்ட்டு, பின், பேடு கிளிப் மூன்றையும் எனக்குக் காட்டுங்க" என்று கேளுங்கள். டீச்சர் கேட்டால் காட்டாமல் இருக்க மாட்டார்கள். காலிப்பர் பிராக்கெட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது, அது தளர்ந்திருந்தால் சத்தத்தோடு போகாது, ஆபத்து. அப்புறம் பேடைக் கையால் ஆட்டிப் பார்க்கட்டும். புதுப் பேடு ஏறத்தாழ 10 மி.மீ. கனம் இருக்கும், 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் கிளிப் மட்டும் போடுவதில் அர்த்தம் இல்லை, பேடையும் மாற்றிவிடுங்கள், இரண்டு முன் சக்கரத்துக்கும் சேர்த்து. பின்னைக் கழற்றித் துடைத்துப் புது கிரீஸ் போடும்போது வீல் பேரிங்குக்கு வைக்கிற சாதாரண கிரீஸை எடுக்கக் கூடாது. அது ரப்பர் உறையை ஊத வைத்துப் பின்னை இறுக்கிவிடும். பிரேக்குக்கென்று தனியாக சிலிக்கான் கிரீஸ் கிடைக்கிறது, அதைத்தான் போட வேண்டும். கிளிப்பும் கிரீஸும் சேர்ந்து நீங்கள் ஷாக் அப்சார்பருக்குக் கொடுத்ததில் சின்னத் துண்டுதான் வரும்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். பேடு வேலை செய்யும்போது காலிப்பருக்குள் பேடை அழுத்துகிற பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பார்கள், முதல் மிதிக்குப் பெடல் அடி வரை போகும், பிரேக் பிடிக்காது. வண்டியை நகர்த்தும் முன் நின்ற இடத்திலேயே பெடல் கெட்டியாகும் வரை சில தடவை மிதியுங்கள். அதே போல, சக்கரம் கழற்றி மாட்டின வண்டிக்கு 50, 100 கி.மீ. ஓடின பிறகு வீல் நட்டை மறுபடி ஒரு தடவை இறுக்கிப் பார்ப்பது அவசியம். உங்கள் வண்டியில் அடுத்தடுத்து இரண்டு பட்டறையில் சக்கரம் கழற்றியிருக்கிறார்கள், ஆகவே இன்றைக்கே வீல் ஸ்பேனரை எடுத்து நட்டு ஒவ்வொன்றையும் சோதித்துவிட்டு மற்றதைப் பாருங்கள். தளர்ந்த நட்டும் கடகட என்றுதான் பேசும்.

பிரேக்கைத் தொட்டாலும் சத்தம் நிற்கவில்லை என்று தெரிந்தால்தான் ஷாக் அப்சார்பர், லிங்க் ராடு எல்லாம் சேர்ந்த சஸ்பென்ஷன் பக்கம் போக வேண்டும். லிங்க் ராடைப் பொறுத்தவரை ஒரு எளிய சோதனை இருக்கிறது. இரண்டு முன் சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குகிற வேகத்தடையில், இரண்டு பக்கத்தையும் இணைக்கிற ஸ்டெபிலைசர் கம்பி முறுக்காது, அதன் முனையைப் பிடித்திருக்கும் லிங்க்குக்கு வேலை இல்லை. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழும்போதுதான் லிங்க் அடிக்கும். வேகத்தடையில் அமைதி, ஒற்றைப் பள்ளத்தில் சத்தம் என்றால் லிங்க் மேல் சந்தேகம் வைக்கலாம். பல பேர் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி லிங்க்கை ஆட்டிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்பார்கள், அப்படித் தூக்கினால் கம்பி முறுக்கி லிங்க்கை இழுத்துப் பிடித்திருக்கும், இருக்கிற ஆட்டமும் தெரியாது. வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது பட்டறைக் குழியில் (பிட்) இறங்கி, கையால் பிடித்து உலுக்கிப் பார்ப்பதுதான் முறை.

உங்களுக்கு ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது, ஆனால் மாற்றினதைச் சரியாக இறுக்கினார்களா என்பது தனிக் கேள்வி. புது ஷாக் அப்சார்பரின் மேல் நட்டை காற்றில் சுற்றுகிற கன் வைத்து இறுக்கும்போது நடுக்கம்பியும் சேர்ந்து சுற்றிவிட்டால் நட்டு இறுகின மாதிரி தெரியும், இறுகியிருக்காது. பானெட்டைத் திறந்து இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பரின் மேல் முனையைப் பிடித்திருக்கும் மவுண்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்ளுங்கள், நின்ற வண்டியில் வேறொருவர் ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பட்டும். டொக்கென்று கையில் தட்டினால் மவுண்ட் அல்லது நட்டு.

சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மில் ரப்பர் புஷ் இருக்கும், அந்தப் புஷ்ஷின் சத்தம் கொஞ்சம் கனமாக இருக்கும், கடகட என்று இல்லாமல் டொக், டொக் என்று, அதுவும் பிரேக் போடும்போதும் வண்டியை எடுக்கும்போதும் ஒரு அடி. மழை பெய்து அடிப்பக்கம் நனைந்த அன்றைக்குச் சத்தம் குறைந்தால் ரப்பர் புஷ் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் மலை ரோட்டிலேயே ஓடுகிற வண்டிகளில் இது சீக்கிரம் போகிறது. புஷ் மாற்றினால் அதன் போல்ட்டைச் சக்கரம் தொங்குகிற நிலையில் கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது, வண்டியைத் தரையில் இறக்கி எடை விழுந்த பிறகே இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கின நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். லோயர் ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கிற பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இருந்தால் மட்டும் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள், அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும்.

இன்னொரு சத்தம், காலையில் தகரம் அதிர்கிறது என்றீர்களே, அது இதற்குச் சம்பந்தம் இல்லாதது. ஸ்டார்ட் செய்த புதிதில் வந்து, இன்ஜின் வேகம் மாறியதும் மறைவது என்றால் முதலில் பார்க்க வேண்டியது சைலென்சர் குழாயைச் சுற்றி இருக்கும் ஹீட் ஷீல்டு. மெல்லிய தகடு அது. போல்ட்டு போகிற ஓட்டையைச் சுற்றித் துரு அரித்து ஓட்டை பெரிதாகிவிடும், தகடு தொங்கி குழாயில் பட்டு ஜிர்ரென்று அதிரும். இன்ஜின் முழுக்க ஆறின பிறகு, ராத்திரி நிறுத்தி வைத்த வண்டியில் விடியற்காலையில் குழாயை முஷ்டியால் லேசாகத் தட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஓட்டை பெரிதாகியிருந்தால் அகலமான வாஷர் ஒன்று வைத்து இறுக்கலாம், தகடு குழாயைச் சுற்றி வருகிற வகையாக இருந்தால் பெரிய ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளிப் போட்டுக் கட்டிவிடலாம். சில இடத்தில் இதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு சத்தம் போய்விட்டது பாருங்கள் என்பார்கள். விடாதீர்கள். வண்டியின் அடிப்பக்கத்தையும், பக்கத்தில் ஓடுகிற குழாய்களையும் சூட்டில் இருந்து காப்பது அந்தத் தகடுதான், கோடையில் பள்ளி மைதானத்துக் காய்ந்த புல் மேல் நிறுத்துகிற வண்டிக்கு அது கண்டிப்பாக வேண்டும். தட்டும்போது தகரச் சத்தம் இல்லாமல் டப்பாவுக்குள் கல் உருளுகிற சத்தம் கேட்டால், அதோடு மேட்டில் வண்டி இழுவை குறைந்தும் இருந்தால், சைலென்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்கிற கன்வெர்ட்டருக்குள் இருக்கிற பீங்கான் உடைந்திருக்கலாம். அது பெரிய வேலை, உடனே காட்டுங்கள்.

அடியில் பார்ப்பதென்றால் ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்குக் கீழே போக வேண்டாம். உங்கள் வீட்டில் யாரும் ஆர்வத்தில் படுத்துவிட வேண்டாம் என்பதற்காகத்தான் இதைத் தனியாக எழுதுகிறேன்.

பட்டறைக்குப் போகும் முன் வீட்டிலேயே செய்யக் கூடிய ஒன்று உண்டு. டிக்கி, டேஷ்போர்டு டப்பா, கதவுப் பை, சீட்டுக்கு அடி எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாகக் காலி செய்துவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம் அதனதன் இடத்தில் இறுகி இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மா சீசனில் போச்சம்பள்ளி பக்கத்து வியாபாரி ஒருவரின் கார் பின்பக்கம் தாங்க முடியாத சத்தத்தோடு என்னிடம் வந்தது. பின் சீட்டை மடக்கிக் கூடை ஏற்றியிருக்கிறார், சீட்டைத் திரும்ப நிமிர்த்தும்போது கொக்கி பாதிதான் மாட்டியிருக்கிறது. அழுத்தித் தள்ளினதும் டக்கென்று மாட்டியது, வேலை முடிந்தது. முன் சீட் பெல்ட் கொக்கி ஓரத்துப் பிளாஸ்டிக்கில் அடிப்பது, நம்பர் பிளேட் பம்பரில் அடிப்பது, பானெட்டுக்குக் கீழே இருக்கும் ரப்பர் முட்டு இறங்கிப் போயிருப்பது இதெல்லாமும் இதே வகைதான். ரப்பர் முட்டை அரைச் சுற்று வெளியே திருகினால் போதும், நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் பஞ்சு டேப் ஒட்டினால் போதும். கண்ணாடியைப் பாதி இறக்கினால் சத்தம் மாறுகிறது என்றால் கதவுக்குள். காலைக் குளிரில் இருந்து வெயில் ஏறியதும் போய்விட்டால் டேஷ்போர்டு பிளாஸ்டிக். டயர் காற்றையும் ஓட்டுநர் பக்கக் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்கு மேல் அடித்து வைக்காதீர்கள், அதிகக் காற்று எல்லாச் சத்தத்தையும் பெரிதாக்கிக் காட்டும்.

வண்டியை விற்பது பற்றி வீட்டில் சாரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். ஒழுங்காக ஆயில் மாற்றி ஓட்டின பெட்ரோல் இன்ஜினுக்கு 80 ஆயிரம் கி.மீ. வயதே இல்லை. கடகட சத்தத்தோடு விற்கப் போனால் வாங்க வருகிறவர் அதைச் சொல்லியே விலையை இறக்குவார், புதிதாக மாற்றின ஷாக் அப்சார்பருக்கு ஒரு பைசா சேர்த்துக் கொடுக்க மாட்டார். சரி செய்துவிட்டு அப்புறம் விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

அடுத்து போகிற பட்டறையில், வேலையைத் தொடங்கும் முன் மெக்கானிக்கை உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, நீங்கள் ஓட்டி, சத்தம் வருகிற ரோட்டுக்கே அழைத்துப் போங்கள். நேரமில்லை என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள். அந்த ரோடு தூரம் என்றால், பக்கத்தில் உட்கார்ந்தவரை போனில் பதிவு செய்யச் சொல்லி, பிரேக்கைத் தொட்ட நொடியிலும் விட்ட நொடியிலும் வாயால் "தொட்டேன்", "விட்டேன்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டுங்கள், கேட்கிற எந்த மெக்கானிக்குக்கும் அது போதும். மாற்றுகிற பாகத்தின் பழசைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். இதையெல்லாம் செய்தும் சத்தம் இருந்தால், பிரேக்கைத் தொட்டபோது என்ன ஆனது, வேகத்தடையில் என்ன ஆனது, கழற்றிப் பார்த்ததில் பேடும் பின்னும் எப்படி இருந்தன என்ற மூன்றையும் எழுதி அனுப்புங்கள், அதில் இருந்து அடுத்த இடத்தைப் பிடிக்கலாம்.